இடது பக்கத்துப் பின் கண்ணாடி

பிப்ரவரி 3, திங்கள்

கார் வந்துவிட்டது. ஷோரூமில் அதற்கு மாலை போட்டு, பட்டுத்துணி போர்த்தி, எங்கள் இரண்டு பேரையும் தம்பதியாகப் பக்கத்தில் நிற்க வைத்துக் கைதட்டினார்கள். கேக் வேறு. கார் வாங்கினால் எதற்குக் கேக் வெட்ட வேண்டும் என்று கேட்டேன். "எல்லாரும் வெட்டுவாங்க சார்" என்றார் டை கட்டிய ஒருவர். எந்தக் கேள்விக்கும் இப்போது இதுதான் பதில். சுலோச்சனா வெட்டினாள். கைதட்டியவர்களுக்கெல்லாம் அவளே ஊட்டியும் விட்டாள்.

இந்த மாடலை எடுத்ததற்கு ஒரே காரணம் பின்கதவுக் கண்ணாடிகள். தொழிற்சாலையிலேயே நிறம் சேர்த்து வருபவை. நாமாகக் கறுப்புத் தாள் ஒட்டினால் போலீஸ் பிடிக்கும். இது கண்ணாடிக்குள்ளேயே இருக்கிற நிறம், பிடிக்க மாட்டார்கள். சுலோச்சனாவுக்கு வெயில் ஆகாது. நவம்பரில் கன்னம் சிவந்து, விரல் மூட்டெல்லாம் வீங்கி, மூன்று ஆஸ்பத்திரி ஏறி இறங்கிய பிறகு லூபஸ் என்று பெயர் சொன்னார்கள். உடம்பு தன்னையே எதிரி என்று நினைத்துத் தாக்குமாம். டாக்டர் ஷகிலா சொன்னதை அன்றைக்கே பழைய டைரியில் சிவப்பு மையில் எழுதி அடிக்கோடு போட்டேன். வெயில் படக் கூடாது.

வீட்டு வாசலில் நிறுத்தி, அவளை உள்ளே அனுப்பிவிட்டு, நிதானமாகச் சுற்றி வந்து பார்த்தேன். இடது பக்கத்துப் பின் கண்ணாடி சரியில்லை. அவள் உட்கார்ந்து வந்த பக்கம்.

பிப்ரவரி 4, செவ்வாய்

காலை வெளிச்சத்தில் மறுபடி பார்த்தேன். வலது கண்ணாடி சாம்பல் நிறம். இடது, லேசாகக் கத்தரிக்காய் நிறம் அடிக்கிறது. அதுகூடப் போகட்டும். மேல் விளிம்பில் நாலு விரல் அகலத்துக்கு நிறம் வெளுத்திருக்கிறது. கண்ணாடியே ஓர் இடத்தில் நெளிந்திருக்கிறது. அதன் வழியே பார்த்தால் எதிர்வீட்டு மின்கம்பத்துக்கு இடுப்பு ஒடிந்திருக்கிறது.

முப்பத்து நாலு வருஷம் சிங்காநல்லூர் மில்லில் துணி சோதித்தவன் நான். அடியில் விளக்கு எரியும் மேஜை மேல் துணி ஓடும். ஓடுகிற துணியில் ஓர் இழை தப்பியிருந்தால் நிறுத்திவிடுவேன். எனக்குப் போய் இதைத் தள்ளிவிட்டிருக்கிறார்கள்.

சுலோச்சனா கேட்டாள், "உழவர் சந்தைக்கு ஒரு நடை கார்ல போய்ட்டு வரலாமுங்களா?" கண்ணாடி மாற்றட்டும், போகலாம் என்றேன்.

பிப்ரவரி 6, வியாழன்

ஷோரூம். அன்றைக்கு டை கட்டியிருந்தவர் பெயர் நிஷாந்த். சர்வீஸ் அட்வைசர். முப்பது முப்பத்திரண்டு வயது இருக்கும். கண்ணாடியை ஐந்து விநாடி பார்த்துவிட்டு, "எனக்குத் தெரியலையே சார்" என்றார். தெரியாததை ஒரு தகுதி போலச் சொல்கிறார்கள்.

"வெளுத்திருக்குது பாருங்க."

"தண்ணிக் கறையா இருக்கும் சார். வாஷ் பண்ணிரலாம்."

கழுவினார்கள். காரின் மற்ற இடமெல்லாம் பளபளத்தது. வெளுப்பும் சேர்ந்து பளபளத்தது.

"கம்பெனி அனுமதிச்ச அளவுக்குள்ளதான் சார் இருக்கும்."

அளவு என்ன என்று கேட்டேன். கம்ப்யூட்டரைப் பார்த்தார். அதிலும் இல்லை. அளவு தெரியாது, ஆனால் அளவுக்குள் இருப்பது மட்டும் தெரியும். எங்கள் மில்லில் இப்படிப் பேசியிருந்தால் நாங்கள் நெய்தது வேட்டியா வலையா என்று வாங்குகிறவன் கேட்டிருப்பான்.

பிப்ரவரி 12, புதன்

கண்ணாடியை வெவ்வேறு வெளிச்சத்தில் பார்க்க வேண்டும் என்று சூலூர் வரை தனியாக ஓட்டிப்போய் வந்தேன். சிக்னலில் ஒரு கான்ஸ்டபிள் ஓரங்கட்டச் சொன்னார். கண்ணாடி விளிம்பை நகத்தால் சுரண்டிப் பார்த்தார். ஒட்டிய தாளா என்று சந்தேகம். மூலையில் இருக்கும் முத்திரையைக் காட்டினேன். சமாதானமானார்.

"ஆனா மேல வெளுத்திருக்குதேங்க" என்றார்.

நிமிஷத்துக்கு நாற்பது கார் பார்க்கிற மனிதர். அரை நிமிஷத்தில் கண்டுபிடித்துவிட்டார். அவர் பெயரையும் நேரத்தையும் குறித்துக்கொண்டேன். இன்றைக்கு நான் சந்தித்த ஒரே படித்தவர் அவர்தான்.

பிப்ரவரி 15, சனி

ஷோரூமுக்கு மூன்றாவது மின்னஞ்சல். பதில்: "உங்கள் கருத்து எங்களுக்கு மிகவும் முக்கியமானது."

பிப்ரவரி 19, புதன்

புகைப்படத்தில் குறை தெரியவில்லை என்கிறார்கள். அதற்கும் வழி இருக்கிறது. கட்டம் போட்ட லுங்கித் துணியைக் கண்ணாடிக்குப் பின்னால் விறைப்பாகப் பிடித்தால் நெளிவு எங்கே இருக்கிறதோ அங்கே கட்டம் வளையும். காரைப் போர்டிகோ நிழலுக்குள் ஏற்றி, சுலோச்சனாவைப் பின் இருக்கையில் உட்கார்ந்து துணியைப் பிடிக்கச் சொன்னேன். அறுபத்து நாலு படம் எடுத்தேன்.

"கை வலிக்குதுங்க" என்றாள்.

இன்னும் நாலே படம் என்றேன்.

"கார் வீட்டுக்கு வந்ததுக்கு அப்புறம் இன்னிக்குத்தான் உள்ள உக்காந்திருக்கறேன். அதுவும் லுங்கிய முகத்துக்கு முன்னால புடிச்சுட்டு."

நல்ல படமாக வந்திருக்கிறது. கட்டம் பாம்பு மாதிரி நெளிகிறது.

பிப்ரவரி 25, செவ்வாய்

சுலோச்சனா டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் டிரங்க் ஆபரேட்டராக இருந்தவள். வெளியூருக்குப் பேச வேண்டுமென்றால் அவர்களிடம் பதிந்துவிட்டுக் காத்திருந்த காலம், மூன்று நிமிஷம் ஆனதும் லைனைத் துண்டித்துவிடுவார்கள். அந்தக் காலத்து ஆபரேட்டர்கள் நாற்பது பேர் வருஷத்துக்கு ஒரு தடவை கூடுகிறார்கள். இந்த வருஷம் மார்ச் 23, பொள்ளாச்சி, பத்மாவதி என்பவளின் தோப்பு வீட்டில்.

"போயே ஆகோணுமுங்க. போன வருஷம் வந்ததுல ரெண்டு பேரு இப்ப இல்லை."

பொள்ளாச்சியில் இருந்து திரும்பும்போது மாலை வெயில் மேற்கே. வண்டி வடக்கே வரும். அப்படியானால் வெயில் இடது பக்கம் அடிக்கும். சரியாக அந்த வெளுத்த கண்ணாடி. படம் வரைந்து காட்டினேன். வலது பக்கம் உட்காருகிறேன் என்றாள். சாய்ந்த வெயில் வலது இருக்கை வரைக்கும் எட்டும், வெயிலைப் பார்த்து இடம் மாறி மாறி உட்கார இது என்ன பஸ்ஸா என்றேன். படத்தை மடித்து சர்க்கரை டப்பாவுக்கு அடியில் வைத்துவிட்டுப் போனாள்.

மார்ச் 5, புதன்

டாக்டர் ஷகிலாவிடம் மாதாந்திரப் பரிசோதனை. பொழுது சாய்ந்த பிறகு நேரம் வாங்கியிருந்தேன். ரத்தம் பரவாயில்லை. எடை குறைந்திருக்கிறது.

"காலையில நடக்கிறீங்களா?" என்று டாக்டர் கேட்டார்.

"இன்னும் கண்ணாடி மாத்தலைங்க டாக்டர்" என்றாள் சுலோச்சனா.

டாக்டருக்குப் புரியவில்லை. நான் விளக்கினேன். படங்களையும் காட்டினேன். எல்லாவற்றையும் பொறுமையாகப் பார்த்தார். பிறகு என்னிடம், "நான் சொன்னது நேரா வெயில்ல நிக்கக் கூடாதுன்னு. முழுக்கை, குடை, கிரீம், பத்து மணிக்கு முன்னால, நாலு மணிக்கு அப்புறம். இப்படியெல்லாம் போய்ட்டு வாங்கன்னும் சேத்துத்தான் சொன்னேன். அன்னிக்கு எழுதிக்கிட்டீங்களே" என்றார்.

வீட்டுக்கு வந்து பழைய டைரியை எடுத்துப் பார்த்தேன். அந்தப் பக்கத்தில் ஒரு வரிதான் இருக்கிறது. டாக்டர்கள் ஒரு நாளைக்கு எண்பது பேரைப் பார்க்கிறார்கள். யாரிடம் எதைச் சொன்னோம் என்று அவர்களுக்கு எப்படி ஞாபகம் இருக்கும்.

மார்ச் 8, சனி

மாடிக்குத் துணி காயப்போடப் போகிறேன் என்றாள். நானே போட்டேன்.

மார்ச் 14, வெள்ளி

நுகர்வோர் மன்றம் என்ற வார்த்தையைக் கடிதத்தில் சேர்த்ததும் ஷோரூமுக்கு உயிர் வந்துவிட்டது. கண்ணாடியை ஆய்வு செய்யக் கம்பெனி நிபுணர் ஒருவரும் நிஷாந்தும் வீட்டுக்கே வந்தார்கள். நிபுணரிடம் ஒரு கருவி இருந்தது. அதைக் கண்ணாடியில் நாலு இடத்தில் வைத்து நாலு எண் எழுதிக்கொண்டார். எண் என்ன என்று கேட்டதற்கு, அறிக்கையில் வரும் என்றார். தன் கையால் எழுதிய எண்ணைத் தானே சொல்லக் கூடாதாம். லுங்கியைப் பிடித்துக் காட்டினேன். அதற்கு மட்டும் வாய் திறந்தார். "ஆமா, வளையுது."

டீ கொடுக்க வந்த சுலோச்சனா நிஷாந்திடம் பேசிக்கொண்டிருந்தாள். ஜன்னல் வழியே காதில் விழுந்தது.

"மாத்திக் குடுத்துருங்க தம்பி. உங்களுக்குப் புண்ணியமாப் போவும். மாத்துற வரைக்கும் அவரு என்னைய வெளிய உடமாட்டாரு."

"எத்தனை நாளா மேடம்?"

"கார் எடுத்தன்னிக்குக் கேக் வெட்ட வந்தேனே. அப்புறம் ஆஸ்பத்திரிக்கு ஒருக்கா."

விருந்தாளிகளிடம் வேடிக்கையாகப் பேசுவது எக்ஸ்சேஞ்ச் காலத்தில் இருந்தே அவளுக்குப் பழக்கம். நிஷாந்த் போகும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. குற்ற உணர்ச்சியாக இருக்கும். கண்ணாடியைப் பற்றி.

மார்ச் 20, வியாழன்

அறிக்கை வரவில்லை. பொள்ளாச்சி முடியாது என்று சுலோச்சனாவிடம் சொன்னேன். சரி என்றாள். இவ்வளவு சீக்கிரம் சரி என்பாள் என்று நான் நினைக்கவில்லை. புரிந்துகொண்டாள், நல்லது.

மார்ச் 23, ஞாயிறு

பால் வாங்கிக்கொண்டு ஏழு மணிக்கு வந்தேன். வீட்டில் ஆள் இல்லை. குளியலறையில் இல்லை, மாடியில் இல்லை. குடையும் இல்லை. சாப்பாட்டு மேஜையில் இட்லி மூடி வைத்திருந்தது. போன் அடித்தேன். எடுத்ததும் பின்னால் கண்டக்டர் விசில்.

"உக்கடத்துல ஏறிட்டேனுங்க. ஜன்னலோரமா எடம் கெடைச்சுது."

ஜன்னலோரம். கண்ணாடியே இல்லாத ஜன்னல்.

எங்கேயாவது இறங்கிவிடு, வந்து கூட்டிக்கொள்கிறேன் என்றேன். "நான் முழுக்கை போட்டிருக்கேன், கிரீம் தடவியிருக்கேன், முந்தானைய முக்காடு போட்டிருக்கேன். நீங்க இட்லி சாப்பிடுங்க" என்றாள். வைத்துவிட்டாள். முன்பு கோடிப் பேருடைய பேச்சை மூன்று நிமிஷத்தில் துண்டித்தவள்தானே.

இட்லி சாப்பிடவில்லை. காரை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். கிணத்துக்கடவு தாண்டுகிற வரை ஒவ்வொரு பஸ்ஸாக எட்டிப் பார்த்தேன். எனக்குப் பின்னால் வந்தவர்கள் ஹார்ன் அடித்தே கொன்றார்கள். சாலையில் பொறுமை உள்ளவன் ஒருவன்கூடக் கிடையாது.

பத்மாவதியின் தோப்பில் தென்னைக்கு அடியில் பாய் விரித்து நாற்பது கிழவிகள். எனக்கும் வயது அறுபத்து மூன்று ஆகிறது, இருந்தாலும் அவர்களைக் கிழவிகள் என்றே எழுதுகிறேன், அவ்வளவு சத்தம். நடுவில் சுலோச்சனா ஒரு தேங்காய் மூடியைக் காதில் வைத்துக்கொண்டு, "மெட்ராஸ், மெட்ராஸ், லைன்ல இருங்க" என்று பழைய குரலில் பேசிக் காட்டிக்கொண்டிருந்தாள். சிரித்துச் சிரித்து ஒருத்திக்குப் புரையேறியது. நான் மரத்தடியிலேயே நின்றேன். அவள் சத்தமாகச் சிரிப்பதை நவம்பருக்குப் பிறகு கேட்டேனா என்று யோசித்துப் பார்த்தேன்.

பத்மாவதிதான் முதலில் என்னைப் பார்த்தாள். "அடியே, கம்ப்ளைண்ட் நஞ்சப்பன் வந்துட்டாரு."

எல்லாரும் திரும்பினார்கள். மில்லில் இருந்து பம்பாய்க்குப் பேசும்போது லைனில் இரைச்சல் வருகிறது என்று நான் வாரம் ஒரு புகார் எழுதுவேன். அதற்குப் பதில் சொல்லும் வேலை சுலோச்சனாவுடையது. பதினோராவது புகாரை நேரில் கொண்டுபோய்க் கொடுத்தேன். அதற்கு அடுத்த வருஷம் கல்யாணம். இதெல்லாம் இவர்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன்.

"உங்க லெட்டரை நாங்க எல்லாரும் படிப்போமுங்க. அது ஒண்ணுதான் அந்த எக்ஸ்சேஞ்சுல பொழுதுபோக்கு" என்றாள் பத்மாவதி.

உடனே கிளம்ப வேண்டும் என்றேன். சுலோச்சனா வெயிலைக் காட்டினாள். "இப்பக் கெளம்புனா உங்க கணக்குப்படியே எனக்கு ஆகாதுங்க. சாஞ்சப்புறம் போலாம்." ஆறரை மணி வரை நாற்பது பேருக்கு நடுவே உட்கார்ந்திருந்தேன். பாயசத்தில் ஏலக்காய் தூக்கல். இரண்டு டம்ளர் குடித்தேன், மரியாதைக்காக.

திரும்பும்போது முன் இருக்கையில் உட்கார்ந்துகொண்டாள். ஒத்தக்கால்மண்டபம் வந்ததும், "கோவமா?" என்றாள். ரோட்டைப் பார்த்து ஓட்டுகிறேன் என்றேன்.

மார்ச் 27, வியாழன்

காலையில் காய்ச்சல். கன்னத்தில் சிவப்பு மறுபடி ஏறியிருந்தது. பத்து மணிக்கு முழங்கால் மடங்கவில்லை. மூச்சு விட்டால் நெஞ்சு குத்துகிறது என்றாள். தூக்கி முன் இருக்கையில் உட்கார வைத்தேன். எவ்வளவு லேசாக இருக்கிறாள்.

ஆஸ்பத்திரி சேரும்போது மணி பன்னிரண்டு. வெயில் எந்தப் பக்கம் அடித்தது என்று கவனிக்கவில்லை.

மார்ச் 28, வெள்ளி

நுரையீரலைச் சுற்றி நீர் சேர்ந்திருக்கிறது. ஊசி மருந்து ஏறுகிறது. சிறுநீரகத்துக்குப் பரவியிருக்கிறதா என்று பார்க்கிறார்கள். இந்த வார்டில் நாற்காலிகளை யார் வாங்கினார்கள் என்று தெரியவில்லை. ஒன்றுக்கும் நாலு காலும் ஒரே உயரத்தில் இல்லை.

டாக்டர் ஷகிலாவிடம் கேட்டேன், பஸ்ஸில் போனதால்தானே.

"இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். வீட்டுக்குள்ளயே இருந்திருந்தாலும் வந்திருக்கலாம் சார். இந்த நோய்ல இதுதான் காரணம்னு ஒண்ணக் காட்ட முடியாது."

உறுதியாக ஒன்று சொல்லத் தெரியாது இவர்களுக்கு. எதையாவது காட்டினால் அதை மாற்றலாம். எதையும் காட்டாவிட்டால் மனிதன் என்னதான் செய்வான்.

மார்ச் 29, சனி

கஞ்சி கொடுத்தேன். நாலு ஸ்பூன் குடித்தாள். பிறகு என்னையே பார்த்தாள்.

"சொல்லிருங்க" என்றாள்.

"என்னத்த?"

"அப்பவே சொன்னேன், கேட்டியான்னு. மூணு நாளா வாய்க்குள்ள வெச்சுட்டு இருக்கறீங்க."

"கஞ்சி ஆறுது" என்றேன்.

"செத்துப் போயிருவேன்னு பயமா?"

செவிலியர் வந்து ஊசியைச் சரிபார்த்தார். அதற்குள் பேச்சு மாறிவிட்டது.

மார்ச் 31, திங்கள்

சிறுநீரகம் நன்றாக இருக்கிறது. ஆஸ்பத்திரி கேன்டீனில் வடை வாங்கினேன். நன்றாக இருந்தது என்று எழுதியிருக்கிறேன் என்றால் என் மனநிலை சரியில்லை என்று அர்த்தம்.

ஏப்ரல் 3, வியாழன்

கம்பெனி ஒப்புக்கொண்டது. நிறம் சீராக இல்லை, கண்ணாடியில் நெளிவு இருக்கிறது, இலவசமாக மாற்றித் தருகிறோம். இரண்டு மாதம் நான் சொன்னதையே என்னிடம் திருப்பிச் சொல்வதற்கு ஒரு நிபுணர், ஒரு கருவி, எட்டுப் பக்க அறிக்கை.

சுலோச்சனா தூங்கிக்கொண்டிருந்த நேரத்தில் காரைக் கொண்டுபோய் விட்டேன். பட்டறையில் நிற்க விடமாட்டோம் என்றார்கள், நின்றேன். பழைய கண்ணாடியைக் கழற்றித் தரையில் சாய்த்து வைத்தார்கள். இவ்வளவு சிறியதா அது.

புதியதை மாட்டியதும் நாற்பது நிமிஷம் பார்த்தேன். உள்ளே இருந்து, வெளியே இருந்து, லுங்கி வைத்து, வைக்காமல். ஒரு குறையும் இல்லை. மில்லில் ஒரு பாவுத் துணி முழுக்கக் குறையில்லாமல் ஓடி முடிந்தால் அன்றைக்குச் சோறு இரண்டு கை கூடுதலாக இறங்கும். இன்றைக்கு அப்படி ஒன்றும் இல்லை.

"திருப்தியா சார்?" என்றார் நிஷாந்த். ஒரு படிவத்தை நீட்டி, எல்லாக் கேள்விக்கும் பத்துக்குப் பத்து போடச் சொன்னார். ஷோரூமில் காத்திருந்த அனுபவம் எப்படி இருந்தது என்பது முதல் கேள்வி. அதற்கு மட்டும் மூன்று போட்டேன்.

"மேடம் எப்படி இருக்காங்க? இனி வெளிய போவாங்கள்ல?"

ஆஸ்பத்திரியில் இருக்கிறாள் என்றேன். அவர் படிவத்தைத் திருப்பி வாங்கிக்கொண்டு அப்படியே நின்றார். பிறகு என் கூடவே கார் வரை வந்து கதவைத் திறந்துவிட்டார். "எங்கம்மாவுக்கும் மூணு வருஷமா டயாலிசிஸ் சார்" என்றார். எத்தனை தடவை இந்த மனிதர் முன்னால் நின்று கத்தியிருக்கிறேன். ஒரு தடவைகூட இதைச் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் நான் கத்தியிருக்க மாட்டேனா என்று தெரியவில்லை. அம்மா பெயர் என்ன என்று கேட்டேன். திலகவதி.

ஏப்ரல் 7, திங்கள்

வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். கையெழுத்து, மருந்துச் சீட்டு, இன்னொரு கையெழுத்து என்று இழுத்து இழுத்து ஐந்தே முக்கால் ஆனது. ஒரு விதத்தில் நல்லது, வெயில் இறங்கிவிட்டது. சுலோச்சனாவைப் பின் இருக்கையில், இடது பக்கம் உட்கார வைத்தேன். இந்தத் தடவை டாக்டர் சொன்னதை முழுக்க எழுதிக்கொண்டேன். பதினொரு வரி. காலையில் நடப்பது நாலாவது வரி.

"மாத்திட்டாங்களாட்ட இருக்குது" என்றாள். கண்ணாடியை விரலால் தடவிப் பார்த்தாள். "நல்லா இருக்குதுங்களா?"

"ஒரு குறையும் இல்லை."

"உங்க வாயில இருந்து இதக் கேக்கறதுக்கு நான் ஆஸ்பத்திரில படுக்க வேண்டியிருக்குது."

சொல்வதற்கு ஒன்று இருந்தது. ராமநாதபுரம் சிக்னலில் நிற்கும்போது, "ஆமா" என்றேன்.

"என்ன ஆமா?"

"அன்னிக்குக் கேட்டியே. பயமான்னு. ஆமா."

முன்னால் மாட்டியிருக்கும் சின்னக் கண்ணாடியில் அவள் முகத்தைப் பார்க்கலாம் என்றால் பச்சை விழுந்துவிட்டது. முன்னால் நின்ற ஆட்டோக்காரன் நகரவில்லை, போனில் யாருடனோ குடும்பக் கதை பேசிக்கொண்டிருந்தான். இவனுக்கெல்லாம் யார் லைசென்ஸ் கொடுக்கிறார்கள்.

ஆட்டோ நகர்ந்தபோது இடது பக்கம் மெல்லிய உறுமல் கேட்டது. சுலோச்சனா பொத்தானை அழுத்தியிருக்கிறாள். இரண்டு மாதமும் எட்டுப் பக்க அறிக்கையும் செலவழித்து வாங்கிய கண்ணாடி, மெதுவாகக் கதவுக்குள் இறங்கி மறைந்தது. காற்று உள்ளே வந்தது. வறுத்த கடலை வாசனை, டீசல் புகை, யாரோ கூப்பிடும் சத்தம் எல்லாம் வந்தது. அவள் முக்காட்டை விலக்கிவிட்டு முகத்தை வெளிப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"மெதுவாப் போங்க" என்றாள்.

ஏசியை அணைத்தேன். மெதுவாகப் போனேன்.